விசா கிடைத்துவிட்டது, அப்புறம்?

பாஸ்போர்ட் கூரியரில் வந்த அன்றைக்கு அம்மா செய்த முதல் காரியம், அதைக் கொண்டுபோய் சாமி படத்துக்கு முன்னால் வைத்ததுதான். தங்கை ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறாள். பேரனின் முதல் பிறந்தநாளுக்கு அம்மா போக வேண்டும். இரண்டு மாத அலைச்சல், இரண்டு முறை சென்னைக்குப் பஸ், கடைசியில் விசா வந்தேவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "மே 24 வரைக்கும் போட்டிருக்கான், 22ஆம் தேதிக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்டுடலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஸ்டிக்கரில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் இருந்த 30 என்ற எண் கண்ணில் பட்டிருக்காவிட்டால் டிக்கெட்டும் போட்டிருப்போம், அம்மா விதிமீறி 13 நாள் அங்கே தங்கியும் இருப்பார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விசா வாங்குவது எப்படி என்று சொல்லித்தர ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வாங்கின விசாவில் என்ன எழுதியிருக்கிறது, அது எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று சொல்பவர்கள் குறைவு. அம்மாவின் அந்த ஒரு ஸ்டிக்கரை வைத்துக்கொண்டே இதைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். விசா என்பது ஹால் டிக்கெட் மாதிரி. அது இருந்தால் தேர்வு அறைக்குள் விடுவார்கள், பாஸ் ஆகிவிட்டோம் என்று அர்த்தம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விசாச் சட்டம், 30ஆவது பிரிவில், விசா கையில் இருப்பதாலேயே உள்ளே நுழையும் உரிமை தானாக வந்துவிடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. தூதரகம் கொடுப்பது ‘இவர் எங்கள் வாசல் வரை வரலாம்’ என்ற சம்மதம். உள்ளே விடுவதா இல்லையா என்று முடிவுசெய்பவர் விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. அநேகமாக விட்டுவிடுவார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி கேட்கும் அதிகாரம் அவருக்கு உண்டு, பதில் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

எல்லா நாட்டுக்கும் இந்த ஸ்டிக்கர் வேண்டும் என்பதில்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா கேட்பதில்லை, இந்தச் சலுகை 2026 கடைசி வரை என்று அறிவித்திருக்கிறார்கள். தாய்லாந்தும் அதே சமயத்தில் விசா இல்லாமல் விட ஆரம்பித்தது. இலங்கைக்கு ஆன்லைனிலேயே முன் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். சிங்கப்பூருக்கு விசா வேண்டும், ஆனால் ஸ்டிக்கர் கிடையாது, மின்னஞ்சலில் வரும். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: விசா வேண்டாம் என்றால் எதுவுமே வேண்டாம் என்று நினைத்துக்கொள்வது. மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர் மூன்றுக்குமே வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்கும் ரெண்டாயிரம் மூவாயிரம் என்று வாங்கிக்கொள்ளும் போலி இணையதளங்கள் கூகுளில் முதல் வரிசையில் நிற்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்தச் சலுகைகள் எல்லாம் ஒரே அறிவிப்பில் மாறிவிடக் கூடியவை. டிக்கெட் போடும் முன்பு அந்த நாட்டு அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, போன வருஷம் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது போதாது.

சரி, அம்மாவின் ஸ்டிக்கருக்கு வருவோம். அது ஷெங்கன் விசா, ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஒரே விசா. லக்சம்பர்க்கில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் பெயர்தான் ஷெங்கன். 1985 ஜூன் 14 அன்று அங்கே ஐந்து நாடுகள் உட்கார்ந்து, நமக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டன. இப்போது 29 நாடுகள். குரோஷியா 2023இல் சேர்ந்தது, பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாக உள்ளே வந்தன. ஐரோப்பா என்றால் எல்லாம் ஷெங்கன் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் இதில் இல்லை, அயர்லாந்து இல்லை. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு. அம்மாவைத் தங்கை லண்டனுக்கும் ஒரு எட்டுக் கூட்டிப்போக ஆசைப்பட்டாள். அதற்குத் தனியாகப் பிரிட்டன் விசா எடுக்க வேண்டும் என்பது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை, லண்டன் போய்விட்டால் ஜெர்மனிக்குத் திரும்பி வர முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்டிக்கரில் பார்க்க வேண்டியவை மூன்று. ‘முதல்’, ‘வரை’ என்று இரண்டு தேதிகள் இருக்கும். எத்தனை முறை நுழையலாம் என்பதற்கு 01, 02 அல்லது ‘மல்ட்’ (பல முறை) என்று இருக்கும். எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கு ஒரு எண் இருக்கும். அம்மாவுடையதில் ஏப்ரல் 10 முதல் மே 24 வரை, 01, 30 நாள். இதன் பொருள், ஏப்ரல் 10க்கும் மே 24க்கும் நடுவில் ஒரே ஒரு முறை நுழைந்து, அதிகபட்சம் 30 நாள் இருக்கலாம் என்பதுதான். தேதிகளுக்கு நடுவே 45 நாள் இருக்கிறதே என்று கேட்டால், கூடுதலாக இருக்கும் அந்த 15 நாள் பயணத் தேதி முன்னே பின்னே ஆனால் சமாளிக்கக் கொடுக்கும் இடைவெளி, தங்குவதற்குக் கொடுத்தது அல்ல. ஏப்ரல் 10 அன்றைக்கே போய் இறங்கினால் அந்த நாளும் கணக்கில் வரும், கிளம்பும் நாளும் வரும். அப்படி எண்ணினால் 30ஆவது நாள் மே 9. மாமா சொன்ன 22ஆம் தேதி வரை இருந்திருந்தால் 13 நாள் அதிகம். அதற்கு அபராதம் போடலாம், அடுத்த விசா மறுக்கப்படலாம், நுழைவுத் தடையே கூட வரலாம்.

01 என்பதுதான் லண்டன் ஆசையை முடித்துவைத்தது. ஷெங்கன் எல்லையைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் அந்த ஒற்றை நுழைவு தீர்ந்துபோகும், 30 நாளில் பத்து நாள்தான் ஆகியிருந்தாலும் சரி. ஆனால் பாரிஸ், சூரிக், ஆம்ஸ்டர்டாம் என்று எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம், அது எல்லாம் உள்ளுக்குள்ளேதான். அம்மா பாரிஸ் போய் ஐஃபில் டவரைப் பார்த்துவிட்டு, நம்ம ஊர் மின்சாரக் கோபுரம் மாதிரிதானே இருக்கு என்று சொன்னது தனிக் கதை.

‘மல்ட்’ விசா கிடைத்தவர்களுக்கு வேறு ஒரு கணக்கு, எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. இது எல்லோரையும் குழப்பும். ஜனவரியிலிருந்து ஜூன் வரை ஒரு பகுதி, ஜூலையிலிருந்து அடுத்த பகுதி என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை, இது நகர்ந்துகொண்டே இருக்கும் ஜன்னல். இன்றைக்கு அங்கே இருக்கிறீர்கள் என்றால், இன்றையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணி, அதற்குள் எத்தனை நாள் இருந்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். உதாரணமாக, ஒருவர் மார்ச் 1 முதல் 30 வரை இருந்தார், 30 நாள். மறுபடி ஜூன் 1 அன்று போனால் ஜூலை 30 வரை 60 நாள் இருக்கலாம், 90 சரியாகிவிடும். ஜூலை 31 அன்றும் அங்கே இருந்தால் மாட்டிக்கொண்டார். கிளம்பிவிட்டால் மறுபடி எப்போது போகலாம்? மார்ச் 1 ஜன்னலை விட்டு வெளியே போக வேண்டும், அது நடப்பது ஆகஸ்ட் 28இல். அன்றைக்கு ஒரு நாள் விடுபடும், மறுநாள் இன்னொன்று, இப்படியே 30 நாள். விரல் விட்டு எண்ணிச் சலித்தால், ஐரோப்பிய ஆணையமே ஒரு கணக்குப் பொறியை இணையத்தில் வைத்திருக்கிறது, தேதிகளைப் போட்டால் சொல்லிவிடும்.

இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நல்லது நடந்தது. மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்து இரண்டு வருட ‘மல்ட்’, அதையும் ஒழுங்காக முடித்தால் ஐந்து வருடம், பாஸ்போர்ட் அத்தனை காலம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதனால்தான் முதல் இரண்டு விசாவில் ஒரு நாள் கூடக் கூடுதலாகத் தங்கிவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிக நாள் எந்த நாட்டில் இருக்கப் போகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும், சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் என்று கணக்கு, தேவைப்பட்டால் 45 வரை இழுக்கலாம். பெரியவர்களுக்கு 90 யூரோ, 2024 ஜூனுக்கு முன்பு 80ஆக இருந்தது. விசா மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. விண்ணப்ப மையத்துக்கான கட்டணம் தனி. அந்த மையத்தில் இருப்பவர்கள் காகிதத்தையும் கைரேகையையும் வாங்கி அனுப்புபவர்கள் மட்டுமே, அவர்களுக்கு முடிவில் பங்கு கிடையாது. ‘எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கு, நூறு சதவீதம் கேரண்டி’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் வாங்கினதாக, ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாக இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகள் ஆறு மாதம் கேட்கும்.

இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. இது ஆயிரம் ரெண்டாயிரம் ரூபாய்க்கே கிடைத்துவிடும் என்பதால் யாரும் படித்துப் பார்ப்பதில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு. மலிவான பாலிசிகள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கும் நோயால் வரும் செலவு சேராது. விசாவுக்கு அந்தக் காகிதம் போதும், ஆஸ்பத்திரிக்குப் போதாது. கொஞ்சம் கூடக் கொடுத்து இதைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடி ரிட்டர்ன், லீவ் லெட்டர், பென்ஷன் புத்தகம், வீட்டுப் பத்திரம் என்று இவ்வளவு கேட்பதெல்லாம் ஒரே ஒரு கேள்விக்குத்தான்: இந்த ஆள் திரும்பிப் போவாரா? மறுப்புக் கடிதத்தில் அடிக்கடி டிக் விழும் காரணங்களில் ஒன்றும் இதுதான், திரும்பிச் செல்லும் எண்ணத்தில் சந்தேகம் என்று. ஆகவே கணக்கில் எவ்வளவு பணம் என்பதைவிட அந்தப் பணம் எப்படி வந்தது என்பது முக்கியம். மாதாமாதம் பென்ஷன் வந்து, கரண்ட் பில் போய், ஒரு லட்சம் இருக்கும் கணக்கு பார்க்க நன்றாக இருக்கும். விண்ணப்பத்துக்கு நாலு நாள் முன்பு மச்சான் போட்ட ஐந்து லட்சத்தோடு இருக்கும் கணக்கு சந்தேகத்தைத்தான் கிளப்பும். பிறகு, விசா வரும் முன்பே, பணம் திருப்பித் தராத டிக்கெட்டை வாங்கிவிட வேண்டாம். முன்பதிவு மட்டும் காட்டினால் பெரும்பாலும் போதும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தனித் தலைவலி இருக்கிறது, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. ஆதாரில் இனிஷியல் முன்னால், பேங்க்கில் பின்னால். அதிலும் ஒன்று தாத்தா பெயரின் எழுத்து, இன்னொன்று அப்பா பெயரின் எழுத்து, ஏனென்றால் ஒன்று கல்யாணத்துக்கு முன்பு ஆரம்பித்த கணக்கு. விசா பார்க்கும் அதிகாரிக்கு இது இரண்டு பேர் மாதிரி தெரியும். கவரிங் லெட்டரில் நான் இரண்டு வரி சேர்த்தேன்: தமிழ்நாட்டில் பெயருக்கு முன் தந்தை அல்லது கணவர் பெயரின் முதல் எழுத்தைப் போடுவது வழக்கம், இந்த எழுத்து இன்னாரைக் குறிக்கிறது என்று. டிக்கெட் போடும்போதும் இதே சிக்கல் வரும், கடைசிப் பெயர் போடாமல் அந்தப் பக்கம் நகரவே நகராது. சில விமான நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்லும், சில வேறு மாதிரி சொல்லும். அந்தந்த நிறுவனத்தைக் கேட்டே போடுங்கள், ஊகிக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் விடமாட்டோம் என்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பரில் சொன்னபோது நம் ஊரில் எத்தனை பேர் பதறினார்கள் என்று நினைவிருக்கலாம். புதிதாக பாஸ்போர்ட் எடுப்பவர்கள், குழந்தைகளுக்கு எடுப்பவர்கள், அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிடுவது பின்னால் பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

இப்போது கிளம்பும் நாள். வாசல்கள் மொத்தம் மூன்று, முதலாவது செக்-இன் கவுன்ட்டர். அங்கே உட்கார்ந்திருப்பவர் விசாவை இவ்வளவு நேரம் ஏன் பார்க்கிறார் என்றால், சரியான காகிதம் இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போனால் அபராதமும், திருப்பிக் கொண்டுவரும் செலவும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். எந்த நாட்டுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் பார்க்க டைமேட்டிக் என்று ஒரு தரவுத்தளமே இருக்கிறது. அதனால் அங்கேயே நிறுத்தப்படுகிறவர்களும் உண்டு. வழியில் விமானம் மாறுகிறவர்கள் அந்த நாட்டுக்கு இடைவழி விசா வேண்டுமா என்பதையும் பார்த்துவிட வேண்டும், குறிப்பாக மலிவான டிக்கெட்டுக்காக இரண்டு தனித்தனி டிக்கெட்டாகப் போட்டவர்கள், ஏனென்றால் பெட்டியை எடுத்து மறுபடி போட அந்த நாட்டுக்குள்ளேயே நுழைய வேண்டியிருக்கும்.

இரண்டாவது நம் நாட்டு இமிகிரேஷன். டூரிஸ்ட்டாகப் போகிறவர்களுக்கு இங்கே பெரும்பாலும் இரண்டு நிமிஷம்தான். பாஸ்போர்ட்டில் ‘ஈசிஆர்’ (குடியேற்றச் சோதனை தேவை) என்று இருப்பவர்கள், அதாவது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள், வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். இதைத் தவிர்க்க, விசிட் விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்வார். அதைக் கேட்டுப் போனவர்களுக்குச் சம்பளத்துக்கும் பாதுகாப்பு இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை.

மூன்றாவதுதான் உண்மையான வாசல். இங்கே ஒரு விஷயம்: சென்னை, ஃபிராங்க்ஃபர்ட், ரோம் என்று போனால் இமிகிரேஷன் நடப்பது ஃபிராங்க்ஃபர்ட்டில், ரோமில் அல்ல. முதலில் கால் வைக்கும் ஷெங்கன் ஊரில் எல்லாம் முடிந்துவிடும், அதற்குப் பிறகு அது உள்ளூர் விமானம் மாதிரி. ஆகவே கனெக்டிங் ஃபிளைட்டுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். காகிதங்களைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டி அந்த நேரத்தில் உங்கள் கையில் இருக்காது.

அம்மாவுக்கு ஆங்கிலம் நாலைந்து சொல்தான். அதனால் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வரிசையாக வைத்துக் கொடுத்தோம்: தங்கையின் அழைப்புக் கடிதம், அவள் முகவரியும் போன் நம்பரும், ரிட்டர்ன் டிக்கெட், இன்ஷூரன்ஸ். கேட்டால் இதை நீட்டிவிடு என்று சொல்லியிருந்தோம். அதிகாரி எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறார். அம்மா, தங்கை போனில் ஆசையாகச் சொல்லிக்கொண்டே இருந்ததை நினைத்து, "திரீ மன்த்ஸ்" என்று விட்டார். விசாவில் 30 நாள். அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். அப்புறம் ஃபைலை நீட்டி, ரிட்டர்ன் டிக்கெட்டில் மே 7 என்று இருந்ததைக் காட்டி, "டாட்டர் சே திரீ மன்த்ஸ், டிக்கெட் நோ" என்று சொல்ல, அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தியிருக்கிறார். எல்லோருக்கும் சிரிக்கிற அதிகாரி வாய்ப்பதில்லை. பெற்றோரை அனுப்புகிறவர்கள் மற்ற எதைச் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் இந்த மூன்றைச் சொல்லிக்கொடுங்கள்: எதற்கு வந்தேன், எங்கே தங்குவேன், எந்தத் தேதியில் திரும்புவேன்.

அதைத் தாண்டிச் சுங்கத்தில் அம்மாவின் நெய் பாட்டில் போய்விட்டது. ஆளை விடுவதற்கு மட்டுமல்ல, பெட்டியை விடுவதற்கும் விதிகள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கையில் கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். வேடிக்கை என்னவென்றால் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்று தேவையில்லை. பொடி வகைகள், அப்பளம், வடகம் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

அம்மா மே 7 அன்றே கிளம்பிவிட்டார், கணக்குப்படி 28 நாள். நுழைந்ததற்கும் வெளியேறியதற்கும் இரண்டு முத்திரை, மூலையில் குட்டியாக விமானப் படத்தோடு, இன்றைக்கும் யார் வந்தாலும் எடுத்துக் காட்டுகிறார். இனிப் போகிறவர்களுக்கு அது கிடைக்காது. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் எடுத்து நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதிவுசெய்யும் முறையை ஒவ்வொரு எல்லையாகக் கொண்டுவந்தார்கள். அதில் மங்கலான முத்திரை, தேதி தெரியவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை, 31ஆவது நாள் அதுவாகவே காட்டிக்கொடுத்துவிடும். போர்டிங் பாஸை மட்டும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், பதிவில் ஏதாவது தவறு வந்தால் நாம் அன்றைக்கே கிளம்பிவிட்டோம் என்று காட்ட நம் கையில் இருப்பது அதுதான்.